கட்டில் விரிப்பிற் கட்டட உருவம்

உடையும் அணிகலனும் நெடுநாளாக ஆராய்ச்சிப் பொருள்களாக விளங்கிவருகின்றன. துயிலிடத்துத் துணிக்கு அத்தகைய மதிப்பு இன்னும் வாய்த்திலது. தமிழ் கற்பார்க்கு இது வியப்பாகவே தோன்றும். நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலைக் கூறுமிடத்து, நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் கோட்டால் அமைந்த வேலைப்பாட்டையும், அன்னத்தின் தூவியாலாகிய அணையையும், மேலே கட்டிய மெழுகூட்டிய சீலையில் எழுதப்பெற்ற வான்மீன்களின் ஓவியத்தையும் தவறாது குறிக்கின்றார். அவ்வோவியத்தில் உரோகிணியைப் பிரியாதிருக்கும் திங்களைக் கண்டு தேவி பெருமூச்செறிகின்றாள். படுக்கையிடத்துப் படம் வெற்று அழகுப்பொருள் அன்று என்பதனை அப்புலவர் நன்கு அறிந்திருந்தார் என்க.

இன்றைய படுக்கைத் துணிகளிலும் படங்கள் பலவாக உள. மலரும் கொடியும் பழையன. அவற்றோடு புதிதாகச் சேர்ந்தது ஒருவகை. புகழ்வாய்ந்த அரசுக் கட்டடம் ஒன்றன் நிழற்படத்தைப் பெரிதாக்கி, பஞ்சோ இறகோ திணித்த கனத்த போர்வைக்கு இடும் உறையின் மேற்புறம் முழுவதும் பரவ அச்சிடுவர். தலையணை உறைகளிலும் அதனையே சிறிதாக்கி அச்சிடுவர். மேலைநாட்டுச் சந்தையில், சிறப்பாக இணையத்தின் வழி நடைபெறும் வாணிகத்தில், இத்தகைய உறைகள் விற்கப்படுகின்றன. முன்கூட்டி அச்சிட்டுக் குவித்துவைத்தல் இல்லை. ஒருவர் வேண்டியபொழுது ஒன்றை அச்சிட்டு அனுப்புதலே பெரும்பாலும் வழக்கம்.

இக்கட்டுரை அவற்றுள் ஒன்றனையே எடுத்துக்கொள்கிறது. வாஷிங்டன் நகரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரசு கூடும் கேப்பிட்டல் மாளிகையின் உருவம் பொறித்த போர்வையுறை அது. அம்மாளிகையின் அளவுகளும் அது வளர்ந்த காலங்களும் ஐயத்திற்கு இடமின்றிப் பதிவு செய்யப்பட்டிருத்தலே இத்தேர்வுக்குக் காரணம். கட்டடம் கட்டிலின்மேல் வந்து விரியும்பொழுது அதன்கண் எஞ்சுவது யாது, ஒழிவது யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். வருங்காலத்தில் அருங்காட்சியகம் ஒன்று இத்தகைய உறையைப் பெற்றுப் பட்டியலிடுமாயின், அதனைக் கட்டடத்தின் சான்றாகக் கொள்வதா, நிழற்படத்தின் சான்றாகக் கொள்வதா, அன்றித் துணியின் சான்றாகக் கொள்வதா என்னும் வினா அப்பொழுது எழும். அவ்வினாவுக்கு இப்பொழுதே விடை தேடுதல் நன்று.

முன்னோர் கண்ட வழிகள்

கட்டிலுக்கென ஓவியத்துணி செய்யும் கலையில் சோழமண்டலக் கரைக்குத் தனியிடம் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இக்கரையினின்று ஐரோப்பாவுக்குச் சென்ற பருத்தித் துணிகளுள் 'பலம்போர்' எனப்பட்ட பெருவிரிப்புகள் சிறந்தவை. கட்டில் மூடி என்னும் பொருள்தரும் 'பலங்போஷ்' என்னும் சொல்லின் திரிபு அது. படிகாரத்தால் பதம்செய்து, சாயவேரால் செந்நிறமும் அவுரியால் நீலமும் ஊட்டி, தூரிகையாலும் கலத்தாலும் எழுதிய துணிகள் அவை. அவற்றின் அமைப்பு நினைவிற் கொள்ளத்தக்கது. அடியில் ஒரு குன்று. அதினின்று எழும் ஒரு மரம். மரத்தின் கிளைகள் நடுவிடம் முழுதும் பரவும். நாற்புறமும் அகன்ற கரை சூழும். இவ்விரிப்பைக் கட்டிலின்மேல் இட்டால் மரம் மேற்பரப்பில் அமையும். பக்கங்களில் தொங்குவது கரையே. சிதையக்கூடாதது நடுவிலும், மடிந்தாலும் குற்றமில்லாதது ஓரத்திலும் வைக்கப்பட்டன. கட்டிலின் வடிவை அறிந்து எழுதிய கை அது.

இவ்வமைப்பு முழுவதும் நம்மவர் எண்ணத்தில் தோன்றியதன்று என்பதனையும் ஒப்புதல் வேண்டும். மேலை வணிகர் தம் நாட்டார் விருப்பத்தை ஓயாது எழுதியனுப்பினர். 1643இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய மடலில், மெத்தைப் போர்வைகளின் நிலம் செந்நிறமாக வருதல் வேண்டா, வெண்ணிறம் மிகுதல் வேண்டும் என்று கேட்டனர். ஆகவே வாங்குவோர் விருப்பத்திற்கேற்பப் படுக்கைத் துணியில் உருவம் மாறுதல் இன்று தோன்றிய புதுமை அன்று.

இத்துணிகளின் செல்வாக்குக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு அரசு 1686இல் அவற்றுக்குத் தடை விதித்தது. 1759இல் தடை நீங்கியது. மறுவாண்டே கிறித்தோபு பிலிப்பு ஒபர்காம்ப் என்பார் வெர்சேலுக்கு அண்மையிலுள்ள சூயி என்னும் ஊரில் அச்சுத்துணிச் சாலை நிறுவினார். முதலில் மரக்கட்டை அச்சும், 1770 முதல் செப்புத்தகட்டு அச்சும், 1797 முதல் செப்புருளை அச்சும் அங்கு வழங்கின. நுண்ணிய கோடுகளைத் துணியிற் கொணர்தல் செப்புத்தகட்டால் இயன்றது. டப்ளினுக்கு அருகே 1752இல் முதன்முதல் கையாளப்பட்ட முறை அது. இதன் பின்னரே கட்டடங்கள் துணியில் இடம்பெற்றன. தூண், வளைவு, நிழல் ஆகியவற்றை மரக்கட்டையால் நுண்மையாகக் காட்டல் அரிது. 1816ஐ ஒட்டி இப்போலித்து லெபா என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த 'பாரிசு நினைவுச்சின்னங்கள்' என்னும் துணி சூயியின் புகழ்மிக்க படைப்புகளுள் ஒன்று. கட்டில் திரைக்கும் விரிப்புக்கும் இத்தகைய துணிகள் பயன்பட்டன.

ஆனால் சூயித் துணியில் கட்டடம் ஒன்றாக நில்லாது. அதே கட்டடம் முழத்துக்கு முழம் மீண்டும் மீண்டும் வரும். துணி கெஜக்கணக்கில் விற்கப்பட்டது. தையற்காரர் எங்கு வெட்டினும் ஒன்று குறைந்தால் மற்றொன்று முழுமையாக நிற்கும். இது வணிகத்துக்கு ஏற்ற நல்ல உபாயம். எனினும் மாளிகை இங்கே மலர்போல் ஆகிவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் நெய்த போர்வைகள் மூன்றாவது வழியைக் காட்டுகின்றன. ழகார் தறியில் துளையட்டைகளைக் கொண்டு நெய்த அப்போர்வைகளில், நடுவில் மலரும் விண்மீனும், கரையில் வீடும் கோயிலும் மரமும் அமைவது ஒரு மரபு. 'பாசுடன் நகர்' எனப் பெயர்பெற்ற கரைக்கோலம் அவற்றுள் ஒன்று. கரை கட்டிலின் பக்கத்தில் செங்குத்தாகத் தொங்கும் பகுதி. செங்குத்தாக நிற்பதே கட்டடத்தின் இயல்பு. ஆகவே கட்டடத்தைக் கரையில் வைத்த நெசவாளரின் உள்ளுணர்வு பாராட்டற்குரியது. மேலும் ஒரு நன்மை உண்டு: பலர் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மூலையிலேயே நெய்துவைத்தனர். ஆராய்வோர்க்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை.

நிழற்படம் துணியில் ஏறியதும் அந்நூற்றாண்டிலேயே. 1842இல் சர் சான் எர்செல் கண்ட நீலப்படிமுறையில், இரும்பு உப்பு ஊட்டிய பரப்பின்மேல் எதிர்ப்படத்தை வைத்து வெயிலிற் காட்டி நீரில் அலசினால் நீலப்படம் நிலைக்கும். காகிதத்திற்போலவே பருத்தித் துணியிலும் இது பலிக்கும். அந்நூற்றாண்டின் இறுதியில் தலையணை மேலுறைகளையும் ஒட்டுப்போர்வைகளையும் இவ்வாறு செய்தனர். கட்டடக் கலைஞர்கள் தம் வரைபடங்களைப் படியெடுக்கக் கையாண்ட முறையும் இதுவே. கட்டடம் தோன்றுவதற்கு முன்னுள்ள வரைபடமும், தோன்றிய பின்னுள்ள நிழற்படமும் ஒரே நீலத்தில் அமைந்தன.

இக்கால அச்சுமுறை

இன்று வழங்கும் முறையை உணர்தற்குக் கற்பூரத்தை நினைத்தல் போதும். கற்பூரம் உருகி நீர்மமாகாமல் நேரே ஆவியாகும். இதனைப் பதங்கமாதல் என்பர். சில சாயங்களுக்கும் அவ்வியல்பு உண்டு. அச்சாயத்தால் முதலிற் காகிதத்தில் படத்தை அச்சிடுவர். பின்னர்க் காகிதத்தையும் பாலியெஸ்டர் துணியையும் ஒருங்கே வைத்து ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் அழுத்துவர். சாயம் ஆவியாகி இழையின் உள்ளே புகுந்து, ஆறியதும் அங்கேயே தங்கிவிடும். 1957இல் பிரான்சில் நொவெல் டி பிளாசு என்பார் இவ்வியல்பைத் துணியச்சுக்குப் பயன்படுத்தினார். பருத்தியில் இது பற்றாது. ஆதலின் இத்தகைய உறைகளுள் பெரும்பாலானவை பாலியெஸ்டராலானவை. பருத்தியில் அச்சிட வேண்டின் வேறு சாயமும், நீராவியூட்டலும், பலகால் அலசலும் வேண்டும்.

பாலியெஸ்டர் இழையை 1941இல் கண்டவர் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர். அவர்கள் பணிபுரிந்தது மான்செஸ்டர் காலிகோ அச்சிடுவோர் சங்கத்தில். காலிகோ என்பது நம் கள்ளிக்கோட்டையின் பெயர்வழி வந்த துணிப்பெயர். பருத்தித் துணியை அச்சிடுவதற்கென்று அமைந்த சங்கமே பருத்தியின் இடத்தைப் பறிக்கும் இழையைக் கண்டது.

காகிதத்தில் அச்சிடும் படம் துணியில் மாறி விழும் ஆதலின் அதனை இடவலம் மாற்றி அச்சிடல் வேண்டும். இது மறக்கப்படுமாயின் மாளிகை கண்ணாடியிற் கண்டது போலாகும். இதனைக் கண்டறியும் வழி பின்னர்க் கூறப்படும்.

அளவுகள் கூறும் செய்தி

கேப்பிட்டல் மாளிகையின் நீளம் 751 அடி 4 அங்குலம். கிழக்கு முகப்பின் அடிநிலையினின்று குவிமாடத்தின் உச்சியிலுள்ள விடுதலைப் படிமத்தின் முடிவரை உயரம் 288 அடி. நீளம் உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மிகுதி. இனிக் கட்டிலைக் காண்போம். அமெரிக்காவில் இருவர்க்குரிய நடுத்தர மெத்தையின் அளவு அகலம் 60 அங்குலம், நீளம் 80 அங்குலம். அதற்குரிய போர்வையுறை ஏறத்தாழ 88 அங்குலச் சதுரம்.

முகப்பு முழுவதையும் உறையின் அகலத்தில் அடக்குவோமாயின், ஓர் அங்குலத்துக்கு எட்டரை அடி என்னும் அளவில் கட்டடம் சுருங்கும். அப்பொழுது குவிமாடத்தின் உயரம் 34 அங்குலத்துக்கும் குறைவு. உறையின் எஞ்சிய 54 அங்குலத்தை வானமும் புல்வெளியுமே நிரப்பவேண்டும். மெத்தையின் அகலம் 60 அங்குலமே ஆதலின் இருபுறமும் 14 அங்குலம் கீழே தொங்கும். அத்தொங்கலில் செல்வது, கணக்கிட்டுக் காணின், ஒவ்வொரு புறத்தும் கட்டடத்தின் ஏறத்தாழ 120 அடி.

அந்த 120 அடியில் உள்ளது எது? மாளிகையின் இரு முனைகளிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேர்க்கப்பட்ட இரு சிறகுகள் உள. ஒவ்வொன்றும் 143 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமுடையது. வடக்குச் சிறகில் செனட் கூடுகிறது. தெற்குச் சிறகில் பிரதிநிதிகள் அவை கூடுகிறது. எனவே படம் முழுமையாக இருப்பினும், போர்வையை விரித்த அளவில் சட்டம் இயற்றும் அவைகள் இரண்டும் கட்டிலின் இருபுறமும் சரிந்து விழுந்துவிடுகின்றன. மேலே எஞ்சுவது குவிமாடமும் அதனை அடுத்த பகுதிகளுமே. குவிமாடத்தின் கீழுள்ள வட்டமண்டபத்தில் எந்த அவையும் கூடுவதில்லை. அது விழா நடக்கும் இடம்; நாட்டின் பெருமக்கள் இறந்தால் உடலைப் பொதுமக்கள் கண்டு வணங்க வைக்கும் இடம். 1865இல் இலிங்கனின் உடல் அங்குதான் வைக்கப்பட்டது.

பல உறைகளில் அச்சிடுவோரே சிறகுகளை முதலிலேயே நீக்கிவிட்டுக் குவிமாடத்தை மட்டும் பெரிதாக்குவர். சதுரத்தில் அடங்குவது அதுவே. பிற கட்டடங்களோடு மயங்காமல் நிற்பதும் அதுவே என்பது அவர்தம் எண்ணம். முன்னது உண்மை. பின்னது அத்துணை உறுதியன்று. டெக்சாசு மாநிலத்தின் 1888ஆம் ஆண்டு மாளிகை, கியூபாவின் அவானா நகரில் 1929இல் முடிந்த மாளிகை ஆகியவையும் பெயராலும் தோற்றத்தாலும் வாஷிங்டன் மாளிகைக்கு உறவுடையன. சிறகுகள் இல்லாத படத்தில், குவிமாடத்தை மட்டும் கண்டு ஊரைச் சொல்லுதல் பயிற்சியில்லார்க்கு எளிதன்று. பெயர் தவறினால் பட்டியலில் அப்பிழை நெடுநாள் வாழும்.

சோழமண்டல ஓவியனின் கரையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அவன் விழக்கூடியதை அறிந்து அதற்குக் கரை அமைத்தான். நிழற்படத்திற்குக் கரை இல்லை. ஒளி எங்கு நின்றதோ அங்கே படம் நிற்கும். படத்தில் முதன்மையானது கட்டிலின் ஓரத்திலும் வரலாம். துணிக்கென வரைதலுக்கும், பிறிதொன்றற்கென எடுத்த படத்தைத் துணியில் ஏற்றுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இதனைக் கலையின் வீழ்ச்சி என்று சிலர் கூறக்கூடும். இக்கட்டுரையாளர் அங்ஙனம் கருதவில்லை. கட்டிலைப்பற்றி எண்ணாமை ஒரு குறையே. ஆனால் சூயித் துணியைப்போல் மாளிகையை மலராக்காமல் ஒன்றாகவே நிறுத்திய வகையில் இது பலம்போரின் மரபுக்கே அணித்தாக உள்ளது.

மூன்று காலங்கள்

ஏட்டுச்சுவடி ஆராய்வோர் நூல் தோன்றிய காலம், உரை எழுந்த காலம், ஏடு படியெடுக்கப்பட்ட காலம் ஆகியவற்றை வேறு வேறாகக் கொள்வர். படம் பொறித்த துணிக்கும் அவ்வாறே கட்டடத்தின் காலம், நிழற்படத்தின் காலம், துணியின் காலம் என மூன்று உள. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதலே இத்துறையில் நேரக்கூடிய பெரும்பிழை.

கட்டடத்தின் காலமே ஒன்றன்று. 1793 செப்டம்பர் 18இல் வாஷிங்டன் அடிக்கல் நாட்டினார். 1814 ஆகஸ்டு 24இல் பிரித்தானியப் படை அதனை எரித்தது. பின்னர் எழுந்த தாழ்ந்த குவிமாடம் மரத்தாலானது, செம்பு வேய்ந்தது. இன்று காணும் குவிமாடம் தாமசு வால்டர் வரைந்தது. 1855இல் தொடங்கி 1866இல் முற்றுப்பெற்றது. படிமம் 1863 டிசம்பர் 2இல் ஏற்றப்பட்டது. கல்லெனத் தோன்றும் இக்குவிமாடம் கல்லன்று. 89 இலட்சம் இராத்தல் எடையுள்ள வார்ப்பிரும்பின்மேல் கல்நிற வண்ணம் பூசியது. துணியில் உள்ளது கல்லின் போலி என்று குறைகூறுவார் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

கிழக்கு முகப்பின் செய்தி இன்னும் நுட்பமானது. 1958 முதல் 1962 வரை நடந்த பணியில் அம்முகப்பு முப்பத்திரண்டரை அடி கிழக்கே தள்ளிச் சலவைக்கல்லில் புதிதாக எழுப்பப்பட்டது. பழைய மணற்கல் முகப்பின் வடிவையே புதியதும் கொண்டது. பழந்தூண்களுள் 22, நகரத்துத் தேசிய மரப்பூங்காவில் நிறுத்தப்பெற்று 1990இல் மக்கள் காட்சிக்கு வந்தன. ஆகவே கிழக்கு முகப்பைக் காட்டும் இன்றைய வண்ணப்படத்தை 'இலிங்கன் பதவியேற்ற முகப்பு' என்று குறித்தல் பொருந்தாது. அத்தூண்கள் வேறிடத்தில், தாங்குதற்கு ஒன்றுமின்றி நிற்கின்றன.

நிழற்படத்தின் காலத்தை அறிவதற்குப் படத்திற்குள்ளேயே சில குறிகள் உண்டு. 2014 முதல் 2016 வரை குவிமாடம் சாரத்தால் மூடப்பட்டிருந்தது. சாரத்தோடு கூடிய மாளிகையைக் கட்டிலுக்கென விரும்பி வாங்குவார் இலராதலின் அவ்வாண்டுகளின் படங்கள் இத்துணிகளில் வருதல் அரிது. 1981 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை மேற்கு முகப்பில் பதவியேற்பு மேடை எழும். அதன் மரவேலை தெரியின் பருவமும் ஆண்டும் சுருங்கிவரும். செனட் கூடியிருக்கும்பொழுது வடக்குச் சிறகின்மேலும், பிரதிநிதிகள் அவை கூடியிருக்கும்பொழுது தெற்குச் சிறகின்மேலும் கொடி பறக்கும். இரவில் அவை கூடின் குவிமாடத்தின் உச்சிக் கூண்டில் விளக்கு எரியும். இருள்நீல வானில் பொன்னொளி வீசும் மாளிகையே படுக்கையறைக்கு ஏற்றதென விற்போர் கருதுவர் போலும். அவ்வகைப் படத்தில் உச்சி விளக்கு எரிகின்றதாயின், அந்நேரத்தில் உறுப்பினர் துயிலாது அவையில் இருந்தனர் என்பது பொருள். உறையின்கீழ்த் துயில்வார் இதனை அறியார்.

இடவலம் மாறிய அச்சைக் கண்டறிதல் எளிதன்று. மாளிகை இருபுறமும் ஒத்த வடிவுடையது. விடுதலைப் படிமமே துணை. அவள் வலக்கை உறையிலிட்ட வாளின் பிடியில் ஊன்றியிருக்கும். இடக்கையில் வாகைமாலையும் கேடயமும் உள. படிமத்தின் உயரம் பத்தொன்பதரை அடி. முகப்பு முழுதும் தெரியும் உறையில் அது இரண்டே கால் அங்குலமாகும். இரண்டு கோடியே நாற்பது இலட்சம் படப்புள்ளிகளை உடைய ஒரு பொதுவான நிழற்படத்தைச் சதுரமாக வெட்டி 88 அங்குலத்திற்கு விரித்தால் அங்குலத்திற்கு 45 புள்ளிகளே கிடைக்கும். அப்பொழுது படிமம் நூறு புள்ளி உயரத்தில் அடங்கும். வாள் எக்கையில் என்று அதிற் காண்பது அரிது. குவிமாடத்தை மட்டும் பெரிதாக்கிய உறையிலேயே இச்சோதனை பயன்படும்.

துணியின் காலத்தை ழகார் நெசவாளரைப்போல் இன்றைய அச்சகம் மூலையில் எழுதுவதில்லை. ஆயினும் 1958ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, இழையின் வகையையும் அளவையும், செய்தவர் அல்லது விற்பவர் பெயரையோ பதிவெண்ணையோ சீட்டில் காட்டுதல் வேண்டும் என விதிக்கிறது. உறையின் தையலில் இணைத்த அச்சிறு சீட்டே ஏட்டின் இறுதிக்குறிப்பை ஒத்தது. குத்துகின்றது என்று முதல் நாளே அதனைக் கத்தரித்து எறிவார் பலர். பட்டியலிடுவோர் முதலில் தேடவேண்டியது அதுவே.

உரிமையும் மதிப்பும்

இவ்வகைத் துணிக்கு அரசுக் கட்டடங்களைப் பெரிதும் நாடுவது ஏன்? அறிமுகம் ஒரு காரணம். கேப்பிட்டல் மாளிகையின் உருவம் 50 டாலர்த் தாளின் பின்புறத்தில் உள்ளது. அரசே அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்த படம் அது. உரிமை மற்றொரு காரணம். இத்துணைப் பழைய கட்டடத்தின் தோற்றத்துக்கு எவரும் பதிப்புரிமை கொண்டாட இயலாது. அமெரிக்க நடுவணரசின் அலுவலர் தம் அலுவலின் பகுதியாக எடுத்த நிழற்படங்களுக்கும் அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. பிறர் எடுத்த படத்துக்கு எடுத்தவரின் உரிமை தனியே நிற்கும் என்பதனையும், மாளிகையின் பொறுப்பாளர் அலுவலகம் தான் வெளியிடும் படங்களைத் தன் ஒப்புதல் பெற்றதுபோல் தோன்றுமாறு வாணிகத்தில் கையாளலாகாது என்று அறிவித்திருப்பதனையும் மறத்தல் கூடாது.

மதிப்பைப் பற்றிய வினா இதனினும் கடினமானது. ஒரு நாட்டின் பேரவை மாளிகையைப் போர்த்துக்கொண்டு உறங்குதல் இழிவாகுமா? தமிழில் கட்டில் என்னும் சொல் அரியணைக்கும் படுக்கைக்கும் பொது. முரசு கட்டிலின்மேல் அறியாது துயின்ற மோசிகீரனாரை வாளால் எறியாது சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்ற செய்தி புறநானூற்றின் 50ஆம் பாட்டால் விளங்கும். அரசின் சின்னத்தின்மேல் உறங்குதல் கொலைத்தண்டத்துக்குரிய குற்றம் என்பதும், அதனைப் பொறுத்தல் புலமைக்குச் செய்யும் சிறப்பு என்பதும் அங்கு ஒருங்கே புலப்படுகின்றன. போர்வையுறையின் செய்தி வேறு. இங்கே சின்னம் ஆளுக்கு மேலே உள்ளது, வாங்குவோர் அறிந்தே வாங்குகின்றனர், விரும்பியே விரிக்கின்றனர். இழிவுநோக்கம் இதில் இருப்பதாகக் கொள்ள இடமில்லை. வீட்டாரின் பற்றையும், ஒருகால் பயணத்தின் நினைவையும் காட்டுவதாகக் கொள்ளுதலே பொருத்தம்.

ஆயினும் படத்தின் பொருள் வாங்கியவர் கையில் நில்லாது. 2021 சனவரி 6இல், 2020ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவை உறுதி செய்யக் காங்கிரசு கூடியிருந்தபொழுது பெருங்கூட்டம் ஒன்று மாளிகையினுள் வன்முறையாகப் புகுந்தது. மேற்கு முகப்பின் படிகளும் மாடங்களும் அந்நாளின் காட்சிகளாக உலகெங்கும் பரவின. அதற்கு முன்னர் எடுத்த அமைதியான மேற்கு முகப்புப் படமொன்று அதற்குப் பின்னர்த் துணியில் ஏறுமாயின், நிழற்படத்தின் காலத்துக்கு ஒரு பொருளும் துணியின் காலத்துக்கு மற்றொரு பொருளும் உண்டாகும். மூன்று காலங்களையும் தனித்தனியே குறித்தல் வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதன் பயன் இத்தகைய இடத்தில்தான் வெளிப்படும்.

சட்டமோ கட்டடத்தைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. கொடியைப்பற்றி மட்டும் கூறுகிறது. அமெரிக்க நாட்டுக்கொடியை ஆடையாகவோ, படுக்கைத் துணியாகவோ, திரையாகவோ பயன்படுத்தலாகாது என்று அந்நாட்டுக் கொடிநெறி படுக்கையைப் பெயர்சுட்டியே விலக்குகிறது. மீறுவார்க்குத் தண்டம் விதிக்கும் நெறி அன்று அது. மாளிகையின் கிழக்கு மேற்கு முகப்புகளின் நடுவில் இரவும் பகலும் கொடி பறக்கும். ஆதலின் மாளிகையை நேர்நின்று எடுத்த எந்நிழற்படத்திலும் கொடி சிறியதாகவேனும் இருக்கும். அவ்வழியே படுக்கைத் துணியிலும் வந்துசேரும். உறையைப் பெரிதாக விரித்து, குவிமாடத்தின் அடியில், தூண்வரிசைக்கு மேலே உற்றுநோக்கினால் அதனைக் காணலாம்.